முன்ஷி அப்துல்லாவின் இரு பயணக் குறிப்புகள்

தேக்காவில் தொடங்கும் சிராங்கூன் சாலை வடகிழக்கு நோக்கி நெடுக ஓடி, மேல் சிராங்கூன் சாலை எனப் பெயர் மாறி, முன்னாளில் கங்கார் என வழங்கிய மீனவர் குடியிருப்பின் பக்கம் போய் முடிகின்றது. கங்கார் என்னும் சீனச்சொல் ஆற்றுத்துறையின் அடி என்று பொருள்படும். அத்துறையில் மீன்படகுகள் வந்தடைந்த காலம் 1980-களோடு முடிந்தது. 1990-களின் பிற்பகுதியில் அந்நிலத்தில் எழுந்த செங்காங் நகரம் கடலையும் படகையும் அடியோடு மறந்துவிடவில்லை. நங்கூரத்தின் பெயரால் ஆங்கர்வேல் என்றும், திசைகாட்டும் கருவியின் பெயரால் காம்பஸ்வேல் என்றும் அதன் வட்டாரங்கள் அழைக்கப்படுகின்றன. பயணத்தின் நினைவு இவ்வாறு தெருப்பெயர்களில் நிற்பது நன்றே. ஆனால் அக்கடலில் சென்றவர்கள் தம் பயணத்தைப் பற்றி எழுதிவைத்தது என்ன என்று வினவினால், விடை மிகச் சுருங்கியதாகவே இருக்கின்றது.

செங்காங்கிலிருந்து மேற்கே சிறிது தொலைவில், இயோ சூ காங் சாலையை ஒட்டி ஆசிரியர் குடியிருப்பு என்று ஒன்று உண்டு. 1960-களில் ஆசிரியர் சங்கத்தின் முயற்சியால் எழுந்தது அது. அதன் தெருக்களுக்குப் பாவலர் பெயர்களையும் எழுத்தாளர் பெயர்களையும் சூட்டினர். காளிதாசர், தாகூர், இக்பால், உமர் கய்யாம், சீனத்து லி போ, து ஃபு ஆகியோர் பெயர்களோடு முன்ஷி அப்துல்லாவின் பெயரும் அங்கே ஒரு சாலைக்கு அமைந்துள்ளது. புதிய மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படும் இவர், சிறுவயதில் தமிழ் பயின்றவர். நாகூர்த் தொடர்புடைய குடும்பத்தில் பிறந்தவர். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட இரண்டு கடற்பயணங்களைத் தம் கைப்பட எழுதிவைத்தவர். அவ்விரு குறிப்புகளுள் ஒன்று ஊர் திரும்பியபின் முடிக்கப்பெற்றது. மற்றொன்றை முடிக்க எழுதியவர் திரும்பி வரவில்லை. பயணக்குறிப்பு என்பது எவ்வாறு உருவாகின்றது, அதில் எதை நம்பலாம், எதை ஆராய்ந்து கொள்ளவேண்டும் என்பவற்றைக் காண இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதினும் சிறந்த வழி வேறில்லை.

நாகூரும் மலாக்காவும்

அப்துல்லா பின் அப்துல் காதிர் 1796-ஆம் ஆண்டில் மலாக்காவில் பிறந்தார். அவருடைய பூட்டனார் யேமன் நாட்டு அரபியர். நாகூருக்கு வந்து அங்கே மணம் புரிந்து தங்கியவர். அவர் வழிவந்தோர் சிலர் கீழைக்கடல் கடந்து மலாய்த் தீவுகளில் பரவினர். அப்துல்லாவின் தந்தையார் வணிகர். மலாய்மொழியில் முறையீடுகளும் கடிதங்களும் எழுதித் தருவதில் வல்லவர். மகனுக்கு எழுத்துப் பயிற்சி அளிப்பதில் அவர் காட்டிய கண்டிப்பை மகனே தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாகக் கூறியிருக்கிறார்.

அவ்வரலாற்றில் தமிழாசிரியர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அக்கால மலாக்காவில் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம் என்றும், அங்கே இந்திய வணிகர் மிகுதியாக இருந்தமையால் கணக்குக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் அம்மொழி வேண்டியிருந்தது என்றும் அப்துல்லா எழுதுகிறார். அவரையும் தந்தையார் ஒரு தமிழாசிரியரிடம் அனுப்பினார். இரண்டரை ஆண்டுக்காலம் அவர் தமிழ் பயின்றார். தமிழ் அன்று அவ்வூரில் வீட்டுமொழி என்ற அளவில் நில்லாமல் துறைமுகத்தின் மொழியாகவும் கணக்குமொழியாகவும் இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேடவேண்டியதில்லை. பிற்காலத்தில், 1835-இல், பஞ்சதந்திரக் கதைகளை அவர் தமிழிலிருந்து மலாய்மொழிக்குக் கொண்டுவந்தார். அப்பணியில் தம்பி முத்து வீரபத்தர் என்ற தமிழ் நண்பர் அவருக்குத் துணைநின்றார்.

மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குத் திருக்குர்ஆன் ஓதக் கற்பித்து, அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றார். அவர்கள் இட்ட பெயரே முன்ஷி என்பது. ஆசிரியர் என்று பொருள். அரபு, தமிழ், இந்துஸ்தானி, மலாய் என நான்கு மொழிகளை இளமையிலேயே கையாண்ட ஒருவருக்கு எழுத்தே தொழிலாய் அமைந்ததில் வியப்பில்லை.

எழுத்தரின் அறை

1811-இல் ஜாவாமீது படையெடுப்பதற்கு முன்னர் ராஃபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்தார். அப்போது மலாய் ஏடுகளைத் தேடித் தொகுப்பதும் படியெடுப்பதும் அவருடைய அலுவலகத்தில் இடையறாது நடந்தன. சிறுவனான அப்துல்லா அங்கே எழுத்தர்களுள் ஒருவராய்ச் சேர்ந்தார். அவருடைய தாயின் உடன்பிறந்தாரும், நைனா மரைக்காயர் மகன் தம்பி அகமது என்பாரும் அவ்வெழுத்தர் குழுவில் இருந்தனர். மலாய் இலக்கியத்தின் ஏடுகளைக் காக்க முயன்ற கைகளுள் தமிழ்முஸ்லிம் கைகளும் இருந்தன என்பதை அப்பெயரே காட்டுகின்றது.

அக்கால மலாய் எழுத்தர் ஐரோப்பாவிலிருந்து வந்த கெட்டித்தாளில் எழுதினர். ரெசாம் எனப்படும் பெரணியின் தண்டைச் சீவிக் கூராக்கிய எழுதுகோலையும் புகைக்கரியில் கூட்டிய மையையும் பயன்படுத்தினர். எழுத்து ஜாவி, மலாய்மொழிக்கு ஏற்ப அமைத்துக்கொண்ட அரபு வரிவடிவம் அது. தமிழ்முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாய்த் தோன்றாது. எழுதிய தாள்களை மடித்து நூலால் தைத்துத் தோலோ துணியோ போர்த்துவர். கடற்காற்றிலும் மழையிலும் கறையான் வாயிலும் தப்பிப் பிழைப்பது அந்நூலின் ஊழைப் பொறுத்தது.

ஊழ் எத்துணைக் கொடிதாகக்கூடும் என்பதை அப்துல்லா பின்னர் அறிந்தார். ராஃபிள்ஸ் பல ஆண்டு தொகுத்த ஏடுகளும் படங்களும் இயற்கைப் பொருள்களும் ஃபேம் என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. 1824 பிப்ரவரி 2-ஆம் நாள் பென்கூலனிலிருந்து புறப்பட்ட அக்கப்பல் அன்றிரவே தீப்பற்றி எரிந்தது. மக்கள் உயிர் பிழைத்தனர், ஏடுகள் பிழைக்கவில்லை. தம் கையாலும் தம் தோழர் கையாலும் எழுதப்பெற்றவை சாம்பலானதை எண்ணி அப்துல்லா வருந்தியது தம் வரலாற்றில் பதிவாகியுள்ளது. ஒற்றைப்படியாய் இருக்கும் கையெழுத்து ஏடு எவ்வளவு நொய்ம்மையானது என்பதை அவர் அன்று உணர்ந்திருக்கவேண்டும். பிற்காலத்தில் தாம் எழுதியவற்றை அச்சிலேற்ற அவர் காட்டிய ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

கிளந்தான் சென்ற கடிதம்

1838-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வணிகர் சிலருடைய சரக்கு கிளந்தானில் அகப்பட்டுக்கொண்டது. அங்கே அரச குடும்பத்தாருக்குள் போர் மூண்டிருந்தது. படகுகள் வெளிவர இயலவில்லை. நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராயிருந்த போனம் கிளந்தான் ஆட்சியாளருக்குக் கடிதம் எழுதினார். அதனைக் கொண்டுசேர்க்கச் சென்றவர்களோடு மொழியறிந்தவராக அப்துல்லா அமர்த்தப்பட்டார். கிராந்துப்ரே என்பாரும் கோ ஆன் என்னும் சீனரும் உடன்சென்றனர். தீபகற்பத்தின் கிழக்குக் கரையோரமாகப் பகாங், திரங்கானு வழியாகக் கிளந்தான் வரை சென்று திரும்பிய இப்பயணமே, ‘அப்துல்லா கிளந்தான் சென்ற வரலாறு’ என்னும் பொருள்படும் மலாய் நூலாயிற்று.

மலாய் இலக்கியத்தில் அதற்கு முன்பும் பயணம் உண்டு. ஆனால் அஃது அரசர் பயணம், வீரர் பயணம். கடலில் பறவைகள் பேசும், மலைகள் பிளக்கும். அப்துல்லாவின் நூலில் பேசுபவர் மாலுமிகளும் சந்தைப் பெண்களும் சிற்றரசரின் ஏவலாளருமே. எந்நாளில் புறப்பட்டது, எந்த முகத்துவாரத்தில் நின்றது, காற்று எப்பக்கம் வீசியது, குடிநீர் கிடைத்ததா, கடற்கொள்ளையர் இருப்பதாக யார் சொன்னார் என்று நாள்தோறும் நடந்தவை வரிசையாய் வருகின்றன. கொள்ளையர் அச்சம் நூல் முழுதும் நிழல்போல் தொடர்கின்றது. உடன்சென்றவர்கள் போகலாமா திரும்பலாமா என்று வாதிடுகின்றனர். எழுதியவரும் தம் அச்சத்தை மறைக்கவில்லை. ‘நான்’ என்று தன்மையில் நின்று தாம் கண்டதையும் அஞ்சியதையும் ஒருவர் மலாய் உரைநடையில் இவ்வளவு வெளிப்படையாய்க் கூறியது அன்று புதுமை.

திரங்கானுவில் அரண்மனைப் பக்கம் செல்வோர் குடை பிடிக்கக்கூடாது, காலணி அணியக்கூடாது, மஞ்சள் ஆடையும் மெல்லிய மசுலினும் உடுக்கக்கூடாது என்னும் தடைகளை அவர் குறிக்கிறார். சந்தையில் விற்பவர் பெண்களே என்பதைக் காண்கிறார். ஆடவர் பலர் இடையிலும் கையிலும் படைக்கலங்களோடு வேலையின்றித் திரிவதைக் காண்கிறார். பிள்ளைகள் திருமறை ஓதக் கற்கின்றனர். ஆனால் தம் தாய்மொழியான மலாயை முறையாகக் கற்பதில்லை என்று குறைகூறுகிறார். தாய்மொழி தானே வந்துவிடும், அதைப் பள்ளியில் கற்பானேன் என்ற எண்ணத்தை அவர் எதிர்த்து வாதிடும் இடம், இன்றைய ஆசிரியர் அறையில் நடக்கும் பேச்சுப்போல் இருக்கின்றது.

நூலின் உயிரான பகுதி பகாங்கைப் பற்றியது. நிலம் வளமாக இருக்கின்றது, பொன்னும் கிடைக்கின்றது, மக்கள் மட்டும் ஏன் வறியராய் இருக்கின்றனர் என்று அவர் கேட்கிறார். சோம்பல் என்று சொல்லி நிறுத்திவிடாமல் அதன் காரணத்தையும் தேடுகிறார். நல்ல வீடோ தோட்டமோ சிறிது செல்வமோ ஒருவனுக்கு இருந்தால், அரசனோ அவன் சுற்றத்தாரோ கடன் என்றும் கொடை என்றும் கேட்டு அதைப் பறித்துக்கொள்வர், மறுத்தால் தண்டனை, ஆகவே எதையும் ஈட்டாமல் இருப்பதே நலம் என்று குடிகள் எண்ணிவிட்டனர் என்பது அவர் கண்ட விடை. சொத்துக்குக் காப்பில்லாத இடத்தில் உழைப்பும் இராது என்னும் பொருளியல் உண்மையை, பொருளியல் நூல் எதையும் மேற்கோள் காட்டாமல், ஆற்றங்கரையில் கேட்ட பேச்சிலிருந்து அவர் எடுத்துரைத்தார்.

இனி மறுபக்கமும் சொல்லவேண்டும். அப்துல்லா ஆங்கிலேயரிடம் ஊதியம் பெற்றவர். கிறித்தவத் தொண்டர்களுக்கு மலாய் கற்பித்து அவர்களோடு நெருங்கிப் பழகியவர். அதனால் தம் சமயத்தாரிடையே ‘பாதிரி அப்துல்லா’ என்று ஏளனப் பெயரும் பெற்றவர். ஆங்கிலேயர் ஆட்சியில் நீதியும் ஒழுங்கும் உண்டு, மலாய் அரசுகளில் அவை இல்லை என்பது அவர் புறப்படுமுன்பே கொண்டிருந்த கருத்து. கண்டவற்றுள் பல அக்கருத்துக்குத் துணையாகவே அடுக்கப்படுகின்றன. திரங்கானு மக்கள் தம்மைப் பற்றி எழுதியிருந்தால் வேறு பலவும் தெரிந்திருக்கும். எனவே கிளந்தான் நூலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மலாய்நாட்டின் நேர்ப்படம் எனக் கொள்வோர் தவறுவர். அதை வெறும் ஆங்கிலச் சார்பு என்று ஒதுக்குவோரும் தவறுவர். குடையும் காலணியும் பற்றிய செய்தி அவர் கருத்தைச் சார்ந்ததன்று. அரசருக்கு அவர் கூறும் நீண்ட அறிவுரைகள் வேறு வகையைச் சார்ந்தவை. ஆடும் படகில் அமர்ந்து எழுதத்தக்க நடையில் அவை அமையவில்லை. ஊர் திரும்பி மேசைமுன் அமர்ந்து ஆர எண்ணி எழுதியவையாகவே தோன்றுகின்றன.

நூல் அவ்வாண்டிலேயே சிங்கப்பூரில் அச்சாயிற்று. ஜாவி எழுத்தும் உரோம எழுத்தும் எதிரெதிரே அமைந்த பதிப்பு அது. அமெரிக்கத் தொண்டரான ஆல்ஃபிரட் நார்த் அப்துல்லாவிடம் மலாய் கற்றவர். இப்படி எழுதக்கூடியவர் தம் வாழ்க்கையையே எழுதவேண்டும் என்று தூண்டியவர் அவரே என்பர். 1840-இல் தொடங்கி 1843-இல் முடிந்த ‘ஹிகாயத் அப்துல்லா’ 1849-இல் கல்லச்சில் வெளிவந்தது. ஒரு பயணக் குறிப்பிலிருந்து ஒரு வாழ்க்கை வரலாறு கிளைத்தது எனலாம். கிளந்தான் நூலை 1850-இல் துலோரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் பாரிசில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஆங்கிலத்தில் கூப் என்பவரின் பெயர்ப்பு 1949-இல் வந்தது.

அதே ஆண்டில் சென்னையில்

1838-ஆம் ஆண்டிலேயே சென்னையில் மற்றொரு பயண நூல் அச்சேறியது என்பது வியக்கத்தக்க பொருத்தம். ஏனுகுல வீராசாமி என்பவர் சென்னை உச்சநீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளர். 1830 மே 18-ஆம் நாள் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பர் 3-ஆம் நாள் திரும்பினார். போகும்போது ஐதராபாத்து, நாகபுரி வழி. வரும்போது கல்கத்தா, புரி வழி. நூறுபேர் அளவில் உடன்வந்தனர். வழியில் கண்டதையெல்லாம் தெலுங்கில் எழுதித் தம் நண்பர் கோமளேசுவரன்பேட்டைச் சீனிவாசப் பிள்ளைக்கு அனுப்பிவந்தார். வீராசாமி 1836-இல் மறைந்தார். அவர் எழுதியவற்றைத் திரட்டி ‘காசி யாத்திரை சரித்திரம்’ என நூலாக்கியவர் சீனிவாசப் பிள்ளையே.

வீராசாமியின் குறிப்பில் புறப்பாட்டுக்கு முன்னைய ஏற்பாடும் இடம்பெறுகின்றது. எவ்வகைக் கூடாரம், பல்லக்குத் தூக்குவோர் எத்தனைபேர், எந்தப் பொருளைக் கையோடு கொண்டுசெல்லவேண்டும், எது வழியில் கிடைக்கும் என்பன பின்செல்வோருக்குப் பயன்படும் வகையில் கூறப்படுகின்றன. ஒவ்வோர் ஊரின் தொலைவு, தண்ணீர் வசதி, கடை உண்டா இல்லையா என்பதும் தவறாமல் வரும். இறைவழிபாட்டுக்குச் சென்றவர் கண் அரிசிக்கடைமேலும் இருந்தது. இருவரும் மொழிபெயர்ப்பாளர், இருவரும் ஆங்கிலேயர் அலுவல் முறைக்குப் பழகியவர், நாளையும் தொலைவையும் விலையையும் குறிக்கும் பழக்கம் அவ்வலுவலகங்களிலிருந்தே வந்தது என்று கொள்வது பொருந்தும். ஆனால் அதுவே முழுக் காரணமாகாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கித் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, வணிகரின் பேரேட்டுப் பழக்கம் எவ்வாறு வரலாற்றுப் பதிவாக விரியும் என்பதைக் காட்டி நிற்கின்றது. அன்றாடக் கணக்கெழுதும் கைக்கு அன்றாட நிகழ்ச்சியை எழுதுவது தொலைவான வேலையன்று.

குமரிமுனையில் அலை

பதினாறு ஆண்டு கழிந்தது. 1854-இன் தொடக்கத்தில் அப்துல்லா ஹஜ்ஜுப் பயணம் மேற்கொண்டார். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரிலிருந்து மக்காவுக்குச் செல்வது அன்று சில மாதப் பாய்க்கப்பற் பயணம். சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல்தான்; அதன்பின் நீராவிக்கப்பல்கள் பெருகியபோதே இவ்வழி எளிதாயிற்று. வீட்டாரையும் மாணவரையும் பிரியும் துயரத்தோடு தொடங்கும் அக்குறிப்பு, மலாக்கா, பினாங்கு, அச்சே எனப் படிப்படியாய் மேற்கே செல்கின்றது.

இலங்கையைக் கடந்தபின் வருவது, அவர் ‘கம்ரி’ என்று எழுதும் முனை. நம் குமரிமுனையே அது என்பர். தமிழர் குமரி என்றதை அரபு மாலுமிகள் தம் நாவுக்கேற்ப வழங்க, அதை மலாய் நூலில் அப்துல்லா எழுதுகிறார். அங்கே கடல் கொந்தளித்தது. கப்பலில் இருந்த பொருள்கள் உருண்டன, மக்கள் அலறினர், உயிர்மேல் ஆசையற்றுப் போயிற்று என்று அவர் சொல்லும் பகுதியே இக்குறிப்பில் மிகப் புகழ்பெற்றது. கிளந்தான் நூலில் வரும் அறிவுரையோ ஒப்பீடோ இங்கே இல்லை. சொற்கள் அவசரமாய் விழுகின்றன. இறைவன் பெயர் திரும்பத் திரும்ப வருகின்றது. அலை தணிந்த சில நாளுக்குள் எழுதியதாகவே அதைப் படிப்பவர் உணர்வர்.

அதன்பின் கப்பல் மலையாளக் கரையை அடைந்தது. ஆலப்புழையும் கோழிக்கோடும் அவர் பார்வையில் பட்டன. மூதாதையர் ஊரான நாகூர் அவர் சென்ற வழியில் இல்லை. குமரியைச் சுற்றிச் சென்றவர் சோழமண்டலக் கரையைக் காணாமலே போனார். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்கா எழுந்தது. கடல்கடந்து வந்தவர் தம்மைக் காத்த நாகூர் ஆண்டகைக்கு எழுப்பிய நினைவிடம் அது. அதன் அருகே வாழ்ந்த நூற்றுக்கணக்கான தமிழ்முஸ்லிம்கள் பயணத்தை அறிந்தவர்களே. சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு செலுத்தியவர்களில் தொடக்கக் காலத்தில் சூலியர் எனப்பட்ட அவர்களே மிகுதி. அவர்களுடைய பயணக்குறிப்பு ஒன்றேனும் கிடைத்திருந்தால், சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றின் முதல் இயல் வேறு விதமாய் எழுதப்பட்டிருக்கும். எழுதத் தெரிந்தவர் அவர்களுள் இல்லாமலில்லை. தம் பயணம் எழுதத்தக்கது என்ற எண்ணம்தான் தோன்றவில்லை போலும்.

செங்கடல் துறைகளைக் கடந்து ஜித்தாவை அடைந்து, மக்காவைக் கண்டு, அதன் சிறப்பைச் செய்யுளில் பாடத் தொடங்கும் நிலையில் குறிப்பு நின்றுவிடுகின்றது. 1854-இலேயே அவர் அந்நாட்டில் காலமானார். ஜித்தாவில் என்பர் சிலர். மக்காவிலேயே என்பர் பிற்கால ஆராய்ச்சியாளர். கையெழுத்துத் தாள்களை உடன்சென்ற நண்பர் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஃபேம் கப்பலுக்கு நேர்ந்தது இத்தாள்களுக்கு நேரவில்லை.

முடித்ததும் முடியாததும்

இரு குறிப்புகளையும் ஒப்பிட்டால், பயணம் முடிந்தபின் நடக்கும் வேலை எத்தன்மையது என்பது விளங்கும். கிளந்தான் நூலை எழுதியவர் திரும்பிவந்து, எண்ணிப்பார்த்து, எதை விடுவது எதை விரிப்பது என்று தெரிந்து, தம் வாதத்தைக் கட்டி முடித்தார். அதனால் நூலுக்கு வலிமை வந்தது. அதனாலேயே ஐயத்துக்கும் இடம் வந்தது. மக்காக் குறிப்பில் அவ்வேலை நடக்கவில்லை. அதில் வாதம் இல்லை, முடிவுரை இல்லை, ஊர் ஊராகச் செய்திகள் சிதறிக்கிடக்கின்றன. அரசியல் வரலாற்றுக்கு முதல் நூல் பயன்படும். நீராவிக்கு முன்னைய ஹஜ்ஜுப் பயணம் உடலையும் உள்ளத்தையும் என்ன செய்தது என்பதை அறிய இரண்டாவதே தக்கது. இலக்கியம் கற்பிப்போர் பெரும்பாலும் முதலாவதையே எடுத்துக் கொள்கின்றனர். அளவிற் சிறியது, அரைகுறையானது என்பதற்காக இரண்டாவதை விட்டுவிடுவது பொருந்தாது.

தமிழில் இத்தகைய எழுத்து பின்னரே செழித்தது. சிங்கப்பூரில் 1893-இல் ரங்கசாமி தாசன் இயற்றிய ‘அதிவினோதக் குதிரைப் பந்தய லாவணி’ குதிரைப் பந்தயம் காணப் புறப்பட்டவர் கண்ட தெருக்களையும் பல இன மக்களையும் பாட்டில் வரிசைப்படுத்துகின்றது. ஒருநாட் பயணமே ஆயினும் பயணமே அது. கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார் இத்துறைக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தவர். இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தி, சப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்று, 1937 அக்டோபர் 2-ஆம் நாள் அத்திலாந்திக்கில் கப்பலில் செல்லுகையில் காந்தியடிகளைப் பற்றிய படம் எடுக்கும் எண்ணம் கொண்டு, அதை 1940-இல் நிறைவேற்றியவர் அவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற நூலும் அவ்வாண்டினதே. தாம் நடத்திய ‘குமரி மலர்’ இதழில் பிறருடைய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தேடி வெளியிட்டார். பின்னர் 1968-இல் நூறாண்டுக்கு முற்பட்ட தமிழ்நாட்டுப் பயணக் கட்டுரைகளைத் தனி நூலாகவே தொகுத்தார். சீனிவாசப் பிள்ளை ஒரு நண்பருக்குச் செய்ததை இவர் முகமறியாத பலருக்குச் செய்தார் என்று கூறுவது மிகையன்று.

அப்துல்லாவின் தாள்களைக் காத்தவர் அச்சகத்தாரான பெஞ்சமின் கீஸ்பரி. ‘ஹிகாயத் அப்துல்லா’வைக் கல்லச்சில் கொண்டுவந்தவரும் அவரே. 1858-ஆம் ஆண்டில் ‘செர்மின் மத்தா’ என்னும் மலாய் இதழை அவர் தொடங்கினார். மூக்குக்கண்ணாடி என்பது அப்பெயரின் பொருள். அவ்விதழில் 1858-59-இல், எழுதியவர் மறைந்து நான்கைந்து ஆண்டு கழித்து, மக்காப் பயணக்குறிப்பு பகுதி பகுதியாக வெளிவந்தது. 1867-இல் கிளிங்கெர்ட் என்பவர் அதனை டச்சு மொழியில் பெயர்த்தார். குமரிமுனை அலையைப் பற்றிய பகுதி அவ்வாறு ஐரோப்பா சென்று சேர்ந்தது.